யார் இந்தப் பாவலர் வரதராஜன்? சின்தசைசர் வருவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கைக் கட்டிப்போட்ட ஹார்மோனியப் பெட்டியின் கதை

80-களில் தேனி, போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் வளர்ந்தவர்களிடம் முதன்முதலா வாங்குன கேசட் எதுன்னு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இளையராஜா பெயர் இருக்கும். கொஞ்சம் வசதியான வீடு என்றால் கேசட்டுக்குப் பதில் 'எக்கோ' கம்பெனி இசைத்தட்டு. அதிலும் அதே பெயர்தான்.

அந்தக் கேசட்டில் புதுசு புதுசாகச் சத்தங்கள் வரும். வயலினும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை, என்ன வாத்தியம் என்றே தெரியாது. அதுதான் சின்தசைசர் என்பது பலருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதே காலத்தில் அலைகள் ஓய்வதில்லை, ராஜாதி ராஜா மாதிரியான படங்களின் டைட்டிலில் ஒரு கம்பெனி பெயர் வந்துபோகும். பாவலர் கிரியேஷன்ஸ். யார் அந்தப் பாவலர் என்று தியேட்டரில் இருந்த இளசுகள் பெரிதாக யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாக்களுக்குத் தெரியும். அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது, இதே ஊர்களின் முச்சந்தியில் விடிய விடிய நின்று கேட்ட குரல் அது.

பாவலர் வரதராஜன். இளையராஜாவின் மூத்த அண்ணன். தம்பி இசையமைத்த முதல் படம் வெளியாவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே இறந்துபோனவர். அவர் யார், என்ன செய்தார், அவருடைய ஹார்மோனியத்துக்கும் பின்னால் வந்த எலக்ட்ரானிக் இசைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்ப்போம்.

பண்ணைப்புரம் எங்கே இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேவாரம், கோம்பை வரிசையில் இருக்கும் ஊர் பண்ணைப்புரம். இன்று தேனி மாவட்டம். வரதராஜன் வாழ்ந்த காலத்தில் இதெல்லாம் மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி.

ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு பாயும் வயல்கள், திராட்சைத் தோட்டங்கள். மறு பக்கம் சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மலை. மலைக்கு மேலே ஏலக்காடும் தேயிலைத் தோட்டமும். கீழே இருக்கிற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மேலே வேலைக்குப் போவார்கள். இன்றைக்கும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் ஏராளம்.

வரதராஜனின் தந்தை ராமசாமியும் எஸ்டேட் வேலையில் இருந்தவர்தான். அவர் இறந்த பிறகு, சின்னத்தாயும் பிள்ளைகளும் வறுமையோடு மல்லுக்கட்டினார்கள். பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் என்ற தம்பிகளுக்கு மூத்தவராக நின்றவர் வரதராஜன். அந்த ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

பாட்டை ஆயுதமாக எடுத்தது எப்படி?

வரதராஜன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார், ஹார்மோனியம் வாசிப்பார், தானே பாடுவார். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அவருடைய பலம். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் மேடைகள் அவரைச் சேர்த்துக்கொண்டன.

அது டிவி இல்லாத காலம். ரேடியோவே ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். கட்சிக் கூட்டம் என்றால் அது அரசியல் மட்டுமல்ல, ஊருக்கான பொழுதுபோக்கும்கூட. தலைவர்கள் வந்து சேர ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். அதுவரைக்கும் கூட்டத்தைக் கலையவிடாமல் உட்காரவைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி பாட்டு.

வரதராஜன் கையாண்ட உத்தி ரொம்ப எளிமையானது. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் அரசியல் வரிகளைப் போடுவார். மெட்டு புதுசாக இருந்தால் ஜனங்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். தெரிந்த மெட்டாக இருந்தால் மறுநாள் வயலில் களையெடுக்கும்போதும் அதே வரியை முணுமுணுப்பார்கள். பிரசாரம் தானாகவே நடக்கும்.

கூலிப் பிரச்சினை, நிலப் பிரச்சினை, விலைவாசி எல்லாமே அவருக்குப் பாட்டுதான். நக்கலும் நையாண்டியும் கலந்து பாடியதால் எதிர்க்கட்சிக்காரரும் ஓரமாக நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்.

1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் என்ன நடந்தது?

பாவலரின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படும் அத்தியாயம் இதுதான்.

1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளாவுக்குப் போயின. ஆனால் அங்கே இருந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். 1957-ல் கேரளாவில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தது 60. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடுதான் ஆட்சி ஓடியது. அதாவது ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் முக்கியம்.

தேவிகுளத்தில் ஜெயித்திருந்தவர் ரோசம்மா புன்னூஸ். அவருடைய வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வர, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. நாடே திரும்பிப் பார்த்த தேர்தல் அது.

வாக்காளர்கள் தமிழர்கள். மலையாளத்தில் மேடைப் பேச்சு பேசி என்ன பயன்? மலைக்குக் கீழே இருந்த பாவலருக்கு அழைப்பு வந்தது. லயத்து வீடுகளுக்கு முன்னாலும் தேயிலைக் காட்டுப் பாதைகளிலும் பெட்டியை வைத்துப் பாட ஆரம்பித்தார். அப்போது காங்கிரஸின் தேர்தல் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கேலி செய்து அவர் பாடிய பாட்டு மலையெங்கும் பரவியது.

இந்தப் பயணத்தில்தான் இன்னொரு திருப்பமும் நடந்தது. ஓய்வில்லாமல் பாடி அண்ணனின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. துணைக்குச் சின்னவனையும் கூட்டிப்போகச் சொன்னார் அம்மா. அப்படி மேடையேறியவர்தான் அன்று 14, 15 வயதுப் பையனாக இருந்த ராசய்யா. குரல் உடையாத வயது என்பதால் பெண் குரல் பாட்டுகளை அவர் பாடினார்.

தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். இந்த வெற்றியில் பெரிய பங்கு பாவலரின் பாட்டுக்குத்தான் என்று இ.எம்.எஸ்ஸே மேடையில் பாராட்டியதாக இடதுசாரி வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த ஆட்சி 1959 ஜூலையில் கலைக்கப்பட்டது. ஆனால் மலையில் பாடிய அந்தக் குழு கலையவில்லை.

பாவலர் பிரதர்ஸ்: பத்து வருஷப் பயணம்

அண்ணன் தம்பிகள் சேர்ந்த அந்தக் குழுவுக்குப் பெயர் பாவலர் பிரதர்ஸ். அடுத்த பத்து வருஷம் தமிழ்நாட்டிலும் வெளியிலும் ஊர் ஊராகப் போனார்கள். மாநாடு, பொதுக்கூட்டம், தேர்தல், நாடகம் என்று எதையும் விடவில்லை.

இளையராஜா எந்த இசைக் கல்லூரியிலும் படிக்காமல் சென்னைக்கு வந்தவர் என்று சொல்வார்கள். ஒரு வகையில் அது உண்மை. ஆனால் இந்தப் பத்து வருஷம்தான் அவருடைய கல்லூரி. எந்த மெட்டுக்குக் கூட்டம் தலையாட்டும், எந்த இடத்தில் தாளத்தை நிறுத்தினால் கைதட்டு விழும், எந்த ஊரில் எந்தத் தெம்மாங்கு எடுபடும் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காத பாடம். அந்தக் கல்லூரிக்கு வாத்தியார் வரதராஜன்.

கண்டிப்பான வாத்தியார். அவருடைய ஹார்மோனியத்தைத் தம்பிகள் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொட்டால் புறங்கையில் அடி விழும். அண்ணன் வெளியே போகிற நேரம் பார்த்து, திருட்டுத்தனமாகப் பெட்டியைத் திறந்து வாசித்துத்தான் ராசய்யா கற்றுக்கொண்டார். குரல் உடைந்து பெண் குரலில் பாட முடியாமல் போனதும், அவரைக் காப்பாற்றியது அந்தத் திருட்டுப் பயிற்சிதான். பாட்டுக்காரர் வாத்தியக்காரர் ஆனார்.

அந்தப் பெட்டியை அண்ணன் கோயம்புத்தூரில் 85 ரூபாய்க்கு வாங்கினார் என்று இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அவர் பாட்டு அமைக்க உட்கார்ந்தால் கைக்குப் பக்கத்தில் ஹார்மோனியம் இருக்கும்.

ரேடியோவை விற்ற அம்மா

1960-களின் பிற்பகுதி. அரசியல் மேடைகளை நம்பி நாலு பேர் பிழைப்பது கஷ்டம் என்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூன்று பேரும் சென்னைக்குப் போய் சினிமாவில் முயற்சி செய்வது என்று முடிவானது. அல்லிநகரத்திலிருந்து கிளம்பிய நண்பர் பாரதிராஜா ஏற்கெனவே சென்னையில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

கையில் காசு இல்லை. வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தார் சின்னத்தாய். தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ரேடியோவின் மதிப்பு அன்றைக்கு என்ன என்பதை இப்போது புரிந்துகொள்வது சிரமம். இலங்கை வானொலியும் திருச்சி நிலையமும் சினிமாப் பாட்டு போடும் நேரத்தில் ரேடியோ உள்ள வீட்டு வாசலில் தெருவே கூடும். பாவலர் மாதிரி மெட்டுகளை வைத்துப் பாட்டுக் கட்டுகிறவருக்கு ரேடியோ என்பது தொழில் கருவி. அந்த வீட்டில் பாட்டு கேட்கிற பெட்டி போனது. அதற்குப் பதிலாகப் பாட்டு போடப் பிள்ளைகள் போனார்கள்.

ஹார்மோனியத்துக்கும் சின்தசைசருக்கும் என்ன சம்பந்தம்?

தம்பிகள் சென்னைக்குக் கிளம்பிய 1968-ல்தான் உலகத்தின் இன்னொரு மூலையில் ஓர் இசைத்தட்டு பரபரப்பாக விற்றது. பாஹ் என்ற பழைய ஜெர்மானிய மேதையின் இசையை முழுக்க முழுக்க மூக் சின்தசைசரிலேயே வாசித்த தட்டு அது. வாசித்தவர் வெண்டி கார்லோஸ். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-ல் உருவாக்கிய அந்தக் கருவியை ஆய்வுக்கூடச் சாமானாகவே நினைத்துக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தட்டுக்குப் பிறகு அதை வாத்தியமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1970-ல் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னதான மினிமூக் வந்தது.

ஹார்மோனியத்தில் இடது கை துருத்தியை அழுத்தும். அந்தக் காற்று உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை அதிரவைக்கும். சத்தம் வரும். சின்தசைசரில் காற்றும் இல்லை, நாக்கும் இல்லை. மின்சாரம்தான் அலையாக அதிர்கிறது. அந்த அலையைக் கூர்மையாக்கலாம், மழுங்கடிக்கலாம், இழுக்கலாம், நடுங்கவைக்கலாம். ஆனால் ரெண்டிலும் விரல் படுகிற இடம் ஒன்றுதான். கறுப்பு வெள்ளைக் கட்டைகள்.

அதனால்தான் பண்ணைப்புரத்தில் ஹார்மோனியத்தில் ஓடிய விரல்களுக்குச் சென்னையில் வேறு வேலை தேட வேண்டியிருக்கவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துக்கொண்டே, ஜி.கே. வெங்கடேஷ் உள்ளிட்டோரின் ஆர்க்கெஸ்ட்ராவில் இளையராஜா கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். காம்போ ஆர்கன் என்பது மின்சாரத்தில் ஓடும் சின்ன ஆர்கன். ஹார்மோனியத்துக்கும் சின்தசைசருக்கும் நடுவில் இருக்கிற படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்க்காமலே போனவர்

1973-ல் பாவலர் வரதராஜன் காலமானார். அப்போது தம்பிகள் சென்னையில் வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருந்தவர்கள்தான். ராசய்யா என்ற பெயர் எந்தப் போஸ்டரிலும் வரவில்லை.

1976 மே மாதம் அன்னக்கிளி வெளியானது. தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம் வைத்த இளையராஜா என்ற பெயரோடு, பண்ணைப்புரத்துத் தெம்மாங்கு தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அடுத்த வருஷமே பாரதிராஜாவின் 16 வயதினிலே. கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாணமோ காதுகுத்தோ, மைக்செட்காரர் பந்தலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும் முதலில் எடுத்து வைப்பது இந்த இசைத்தட்டுகளைத்தான். நாற்று நடவிலும் திருவிழாவிலும் அந்த ஜனங்கள் பாடிய மெட்டின் வாசனை, ஊசி உரசும் சத்தத்தோடு அவர்களிடமே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வேகம் கூடியது. 1978-ல் வந்த பிரியா, ஸ்டீரியோ முறையில் பாட்டுப் பதிவான முன்னோடித் தமிழ்ப் படங்களில் ஒன்று. இடது காதில் ஒரு வாத்தியம், வலது காதில் ஒரு வாத்தியம் என்று கேட்டது அந்தத் தலைமுறைக்குப் பெரிய அதிசயம். 1983-ல் யமஹா டி.எக்ஸ்.7 என்ற டிஜிட்டல் சின்தசைசர் உலகச் சந்தைக்கு வந்தது. அதே வருஷம் வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் 'மிடி' என்ற முறையும் வந்தது. 1986-ல் விக்ரம், புன்னகை மன்னன் படங்களில் கம்ப்யூட்டர் இசை என்று விளம்பரமே செய்தார்கள். புன்னகை மன்னன் இசையில் கீபோர்டு, கம்ப்யூட்டர் பக்கம் கைகொடுத்த இளைஞர் திலீப். பிற்காலத்து ஏ.ஆர். ரஹ்மான்.

தேனியிலும் கம்பத்திலும் ரெக்கார்டிங் சென்டர்களில் கூட்டம் நின்ற காலம் இது. துண்டுச்சீட்டில் பன்னிரண்டு பாட்டை எழுதிக்கொடுத்து, 60 நிமிஷக் கேசட்டில் பதியச் சொல்லி, ரெண்டு நாள் காத்திருந்து வாங்கி வருவார்கள். ரிப்பனில் சிக்கினால் பென்சிலைவிட்டுச் சுற்றிச் சரிசெய்வார்கள். இன்று 50 வயதைத் தாண்டியவர்கள் பழைய எக்கோ தட்டுகளைத் தேடித் தேடி வாங்குவதற்குக் காரணம், அந்தக் காத்திருப்பும் பாட்டின் ஒரு பகுதியாக இருந்ததுதான்.

இதில் எதையுமே பாவலர் பார்க்கவில்லை.

அவருடைய குரல் எங்கே?

இங்கேதான் மனசைக் கனக்கவைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. தம்பியின் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் இப்போது போனில் ஒரு தடவை தட்டினால் கேட்கலாம். அண்ணனை அப்படிக் கேட்க முடியாது.

அன்றைக்கு இசைத்தட்டில் ஏறுவது என்றால் கிராமபோன் கம்பெனி கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சினிமாவில் பாட வேண்டும். லயத்து வாசலிலும் ஊர் முச்சந்தியிலும் தேர்தலுக்காகக் கட்டிய பாட்டுக்கு அங்கே இடமில்லை. பாடின ராத்திரியோடு அது காற்றில் போகும். கேட்டவர்களின் நினைவுதான் அதற்கு ரெக்கார்டு. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவர் எழுதிய பாடல்கள் பின்னாளில் புத்தகமாகத் தொகுக்கப்பட்டன. வரிகள் தப்பித்தன. ஆனால் அந்த வரியை எப்படி இழுத்தார், எங்கே நிறுத்திச் சிரித்தார், பெட்டியை எப்படிக் குலுக்கினார் என்பதைக் காகிதம் சொல்லாது.

பண்ணைப்புரம் என்றால் இளையராஜா ஊர் என்பதுதான் இன்று எல்லோருக்கும் அடையாளம். அது நியாயமானதும்கூட. ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னால் சுற்றினால், கேசட்டுக்கு முன்னால் இசைத்தட்டு, இசைத்தட்டுக்கு முன்னால் ரேடியோ, ரேடியோவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹார்மோனியப் பெட்டி என்று போய் நிற்கும். அதைத் தொடாதே என்று அதட்டிய அண்ணனும் அங்கேதான் இருப்பார்.

ஏன் இன்றும் அவரை நினைக்க வேண்டும்?

புது வாத்தியம் வரும்போதெல்லாம் பழைய இசை செத்துவிட்டது என்று ஒரு புலம்பல் கிளம்பும். சின்தசைசர் வந்தபோது அது இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு பாட்டுப் போடும்போதும் இருக்கிறது. பாவலரின் வாழ்க்கை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அவர் கையில் இருந்த ஹார்மோனியமே ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். ஒரு காலத்தில் அதை அகில இந்திய வானொலியே தன் நிகழ்ச்சிகளில் அனுமதிக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் பெட்டியில்தான் அவர் தோட்டத் தொழிலாளியின் கூலிக் கணக்கைப் பாடினார். அது கேட்டவர்களுக்கு அந்நியமாகத் தெரியவே இல்லை.

அவர் தம்பியும் அதையேதான் செய்தார். மின்சாரக் கருவியில் வாசித்தாலும் உள்ளே ஓடிய மெட்டு மலையடிவாரத்துடையது. அதனால்தான் 80-களில் கேசட் வாங்கிய கம்பம் பள்ளத்தாக்குப் பையனுக்கு, பெயர் தெரியாத அந்தப் புதுச் சத்தமும் சொந்த ஊர்ச் சத்தமாகவே கேட்டது.

அடுத்த தடவை பழைய படம் ஏதாவது ஓடும்போது டைட்டிலைத் தள்ளிவிடாமல் பாருங்கள். பாவலர் கிரியேஷன்ஸ் என்ற பெயர் வந்தால், இசைத்தட்டில் ஏறாமலே ஒரு பள்ளத்தாக்கைப் பாடவைத்த மனிதரின் பெயர் அது.